டிலே என்றால் இட்லி, கேன்சல் என்றால் காசு

போன வருஷம் ஒரு ராத்திரி தில்லி விமான நிலையத்தில் சென்னை விமானத்துக்காகக் காத்திருந்தேன். 9.15க்குக் கிளம்ப வேண்டியது. ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் பலகையில் 10.00 என்று மாறியது. 9.50க்கு அது 10.45 ஆனது. அப்புறம் 11.30. ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம்தான். எழுந்து போய் ஒழுங்காகச் சாப்பிடவும் முடியாது, உட்கார்ந்து தூங்கவும் முடியாது. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா ஒருவர், "தம்பி, போகுமா போகாதான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. போகாதுன்னா என் பொண்ணுக்கு போன் பண்ணிடுவேன்" என்றார்.

கவுன்டரைச் சுற்றி ஒரே சத்தம். "ஆபரேஷனல் ரீசன்" என்ற இரண்டு வார்த்தையைத் தவிர வேறு எதுவும் அங்கிருந்து வரவில்லை. பதினோரு மணி வாக்கில் ஷிப்ட் மாறி வேறொரு பையன் வந்தான், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வந்தவன் மைக்கைத் தொடவில்லை. கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்று, "நீங்கள் போக வேண்டிய விமானம் இன்னும் புனேயில் இருக்கிறது. இப்போதுதான் கதவை மூடுகிறார்கள். அது இங்கே வர இரண்டு மணி நேரம், சுத்தம் பண்ண அரை மணி நேரம். ஒன்றரைக்கு முன்னால் கிளம்ப வாய்ப்பில்லை. போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்றான். கூட்டம் கலைந்துவிட்டது. திட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட காபி வாங்கப் போனார்கள். அந்த அம்மா மகளுக்கு போன் போட்டு, "விடிஞ்சதும் வா, ராத்திரி முழிச்சிட்டு இருக்காதே" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். நள்ளிரவு தாண்டி ஆளுக்கொரு பெட்டி வந்தது. உள்ளே ஆறிப்போன இரண்டு இட்லி, ஒரு சட்னிப் பொட்டலம், ஒரு மாம்பழ ஜூஸ். விமானம் 1.40க்குக் கிளம்பியது.

விதிப்படி அந்த ராத்திரி எனக்குக் கிடைக்க வேண்டியது அந்தப் பெட்டி மட்டும்தான். ஒரு ரூபாய்கூட வராது. அதே விமானத்தை 9.15க்கு ரத்து என்று அறிவித்திருந்தால் கணக்கே வேறு. விமானப் பயணத்தில் நல்ல அனுபவம், கெட்ட அனுபவம் என்று நாம் சொல்வதில் பாதி, உண்மையில் என்ன நடந்தது என்பதைவிட, நடந்ததற்கு நிறுவனம் என்ன பெயர் வைத்தது என்பதைப் பொறுத்தது.

இந்தியாவில் இதற்கான விதிகளைப் போடுவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், எல்லாரும் சொல்கிறபடி டிஜிசிஏ. அதன் விதியில் மூன்று தனித்தனிப் பெட்டிகள் இருக்கின்றன: தாமதம், ரத்து, சரியான டிக்கெட்டோடு நேரத்துக்கு வந்தவரை ஏற்றாமல் விடுவது. மூன்றுக்கும் மூன்று விலை.

தாமதத்துக்குச் சாப்பாடு. இரண்டரை மணி நேரம் வரை ஓடும் விமானம் என்றால் 2 மணி நேரம் தாமதமானதும், இரண்டரையிலிருந்து ஐந்து மணி நேரம் ஓடுவது என்றால் 3 மணி நேரம் தாமதமானதும், அதற்கும் மேல் என்றால் 4 மணி நேரத்திலும் உணவு தர வேண்டும். சென்னை–மதுரைக்கும் சென்னை–மும்பைக்கும் 2 மணி நேரக் கணக்கு. தில்லி–சென்னை இரண்டரை மணியைத் தாண்டுவதால் 3 மணி நேரக் கணக்கு. எங்கள் இட்லி நள்ளிரவு தாண்டி வந்ததன் ரகசியம் இதுதான். உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் வேறு விமானமோ முழுப் பணமோ, எது வேண்டும் என்று பயணியைக் கேட்க வேண்டும். 24 மணி நேரத்தைத் தாண்டினால் ஹோட்டல் அறை. இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் கிளம்ப வேண்டிய விமானமாக இருந்தால் 6 மணி நேரம் தாண்டினாலே அறை தர வேண்டும்.

ரத்துக்குக் காசு. முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால், பணத்தைத் திருப்புவதோ மாற்று விமானம் தருவதோ போக, இழப்பீடும் உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் ஓடும் விமானத்துக்கு 5,000 ரூபாய், ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000. இல்லையென்றால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இந்த இரண்டில் எது குறைவோ அதுதான் கைக்கு வரும். 2,800 ரூபாய்க்கு டிக்கெட் எடுத்தவர் 10,000 கிடைக்கும் என்று கனவு காண வேண்டாம்.

இப்போது அந்த முக்கால் மணி நேர விளையாட்டைப் பாருங்கள். விதிகள் பெரும்பாலும், எவ்வளவு தாமதமாகும் என்று நிறுவனம் எதிர்பார்க்கிறது என்பதைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கின்றன. ஏழு மணி நேரம் ஆகும் என்று ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டால் பணத்தைத் திருப்பித் தரும் பேச்சு வந்துவிடும். முக்கால் முக்கால் மணியாக நகர்த்தினால் அந்தப் பேச்சே எழாது, பயணியும் இடத்தைவிட்டு நகர மாட்டார். எல்லாத் தாமதமும் இப்படித் திட்டமிட்டு நறுக்கப்படுவதில்லை. பல சமயம் கவுன்டரில் இருப்பவருக்கே தெரியாது. ஆனால் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதற்கு விதியே ஒரு காரணத்தைக் கொடுத்து வைத்திருக்கிறது.

தாமதம் ஏன் தொற்றுநோய் மாதிரி பரவுகிறது என்பதும் கட்டணத்தோடு பிணைந்த கதைதான். குறைந்த கட்டணத்தில் பறக்கும் விமானம் ஒரே நாளில் ஐந்தாறு ஊர் போகிறது. இறங்கி, ஆட்களை இறக்கி, சுத்தம் செய்து, மறுபடி ஏற்றிக் கிளம்ப அரை மணி நேரம்தான் ஒதுக்கியிருப்பார்கள். தரையில் நிற்கும் விமானம் சம்பாதிக்காது. காலையில் தில்லிப் பனிமூட்டத்தில் ஒரு மணி நேரம் போனால், அந்த ஒரு மணி நேரம் அகமதாபாத், புனே என்று சுற்றி ராத்திரி சென்னையில் வந்து இறங்கும். அதற்குள் விமானிகளின் வேலை நேரம் முடிந்துவிட்டால் புது ஆட்களைத் தேட வேண்டும். சென்னையில் வானம் துடைத்த மாதிரி இருக்க, "வானிலை காரணமாக" என்று குறுஞ்செய்தி வந்தால் அது பொய் என்று சொல்லிவிட முடியாது. காலையில் வேறு ஊரில் பெய்த மழையாக இருக்கலாம்.

இந்தக் கயிறு எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பது 2025 டிசம்பர் முதல் வாரத்தில் தெரிந்தது. விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48ஆக உயர்த்தி, இரவில் தரையிறங்கும் எண்ணிக்கையை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்த புதிய விதிகள் நவம்பர் 1 முதல் முழுதாக நடைமுறைக்கு வந்தன. திடீரென்று வந்தவை அல்ல, 2024 ஜனவரியிலேயே வெளியிடப்பட்டவை. இருந்தும் நாட்டின் உள்நாட்டுப் பயணிகளில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் இண்டிகோவிடம் போதிய ஆள் இல்லை. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேல். விமான நிலையங்களின் தரையில் பெட்டிகள் குவிந்து கிடந்தன. கல்யாணத்துக்குக் கிளம்பியவர்களும் அஸ்தி கரைக்கப் போனவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

மாற்று விமானம் தர வேண்டும் என்று விதி சொல்கிறது. சரி, பத்தில் ஆறு இருக்கைகள் ஒரே நிறுவனத்திடம் இருக்கும்போது அந்த மாற்று எங்கிருந்து வரும்? மற்ற நிறுவனங்களின் டிக்கெட் விலை கண்டபடி ஏறியது. கடைசியில் அரசு உச்சவரம்பு போட வேண்டியதாயிற்று: 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய், வரிகள் தனி. புதிய ஓய்வு விதிகளிலிருந்து இண்டிகோவுக்குத் தற்காலிக விலக்கும் தரப்பட்டது. பயணியின் அவசரத்துக்காக விமானியின் தூக்கத்தை விட்டுக்கொடுத்த அந்த ஏற்பாடு எனக்கு இன்னும் உறுத்துகிறது. நிறுவனம் பணத்தைத் திருப்பியதோடு, 24 மணி நேரத்துக்குள் ரத்தானவற்றுக்கு விதிப்படியான இழப்பீட்டையும், மிகவும் பாதிக்கப்பட்டவர்களுக்கு 10,000 ரூபாய் பயண வவுச்சரையும் அறிவித்தது. ஆனால் வவுச்சரை அதே நிறுவனத்தில்தான் செலவழிக்க முடியும்.

மூன்றாவது பெட்டியான ஏற்ற மறுப்புதான் பயணிக்கு ஓரளவு பல் உள்ள பகுதி. சிலர் வரமாட்டார்கள் என்ற கணக்கில் இருக்கைகளைவிட அதிகமாக டிக்கெட் விற்பது உலகம் முழுக்க உள்ள பழக்கம். எல்லாரும் வந்துவிட்டால் சிக்கல். முதலில் தாமாக விட்டுக்கொடுப்பவர்களைத் தேட வேண்டும். யாரும் முன்வராவிட்டால் ஏற்றாமல் விட்டவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானம் தர வேண்டும். முடியாமல் 24 மணி நேரத்துக்குள் தந்தால் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் சேர்ந்ததில் 200 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். அதையும் தாண்டினால் 400 சதவீதம், அதிகபட்சம் 20,000. இதைக் கொடுக்காமல் விட்டதற்காக 2022 ஜூனில் ஏர் இந்தியாவுக்கு டிஜிசிஏ 10 லட்சம் அபராதம் விதித்தது.

விட்டுக்கொடுப்பவர்களை ஏலத்தில் தேடலாம் என்று யோசனை சொன்னவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜூலியன் சைமன். 1970களின் கடைசியில் அங்கே அது நடைமுறைக்கு வந்தது. ஏலத்தைப் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை 2017 ஏப்ரலில் உலகமே பார்த்தது. சிகாகோவில் யுனைடெட் விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்ட டாக்டர் டேவிட் டாவ் என்பவரை, நிறுவன ஊழியர்களுக்கு இடம் வேண்டும் என்று தரதரவென்று இழுத்து வெளியேற்றினார்கள். அதன் பிறகு டெல்டா நிறுவனம் ஏலத் தொகையை 9,950 டாலர் வரை உயர்த்தத் தன் ஊழியர்களுக்கு அனுமதி கொடுத்தது. பணம் பேசினால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள் என்பதை அவ்வளவு செலவு செய்துதான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

நம் ஊர்க் கதை இன்னும் விசித்திரமானது. 2023 ஜனவரியில் பெங்களூரு விமான நிலையத்தில் கோ ஃபர்ஸ்ட் பயணிகள் 55 பேர் போர்டிங் பாஸோடு பஸ்ஸில் உட்கார்ந்திருக்க, விமானம் அவர்களை விட்டுவிட்டு தில்லிக்குப் போய்விட்டது. அபராதம் 10 லட்சம். நாலு மாதத்தில் அந்த நிறுவனமே பறப்பதை நிறுத்தியது.

ஐரோப்பாவில் கதை வேறு. 2005 முதல் அங்கே நடைமுறையில் உள்ள சட்டப்படி தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ என்று இழப்பீடு. டிக்கெட் விலை என்ன என்று யாரும் கேட்பதில்லை. 2009இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு முக்கியமான வேலை செய்தது. 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் அதையும் ரத்து போலவே நடத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. டிலே, கேன்சல் என்ற பெயர் விளையாட்டு அங்கே அத்தோடு செல்லாக்காசானது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே, விமானத்தின் சாதாரண இயந்திரக் கோளாறை அசாதாரணச் சூழல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்றும் சொல்லிவிட்டது. பாரிஸிலிருந்தோ பிராங்பர்ட்டிலிருந்தோ சென்னைக்கும் கொழும்புக்கும் வரும் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். திரும்பிப் போகும்போது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால்தான் பொருந்தும்.

பயணப் பெட்டிக்கு வருவோம், அது தனிக் கதை. திருச்சி விமான நிலையத்தில் வளைகுடாவுக்குக் கிளம்புகிறவர்கள் எடை மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டியைப் பிரிக்கும் காட்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நீலக் கயிறு, மார்க்கர் பேனாவில் எழுதிய பெயர், உள்ளே முறுக்கு, ஊறுகாய், மாமியார் கொடுத்த சாம்பார்ப் பொடி. இரண்டு கிலோ கூடினால் எது போக வேண்டும் என்பதில் அங்கேயே ஒரு குடும்பப் பஞ்சாயத்து நடக்கும். பெரும்பாலும் தோற்பது ஊறுகாய்தான். கூடுதல் எடையைக் கவுன்டரில் கட்டுவதைவிட டிக்கெட்டோடு முன்கூட்டி வாங்கினால் மலிவு என்பது தெரியாததால் வரும் இழப்பு இது.

பெட்டி உடைந்தாலோ வராவிட்டாலோ, உள்நாட்டுப் பயணத்தில் நிறுவனத்தின் பொறுப்பு ஒரு பயணிக்கு அதிகபட்சம் 20,000 ரூபாய். வெளிநாட்டுப் பயணத்தில் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி 1,519 எஸ்.டி.ஆர். பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு அது, நம் பணத்தில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் வரும். 2024 டிசம்பர் கடைசியில்தான் 1,288இலிருந்து இதை உயர்த்தினார்கள். இது உச்சவரம்பு மட்டுமே, பெட்டி தொலைந்தவுடன் முழுசாகக் கையில் வராது. என்ன இருந்தது, என்ன விலை என்று காட்ட வேண்டும். தங்கத்தையும் லேப்டாப்பையும் பெட்டியில் போட்டுவிட்டு நம்பி உட்காரக் கூடாது என்பதற்கு இந்த எண்ணே போதும்.

பெல்ட்டில் பெட்டி வராவிட்டால் வாசலைத் தாண்டுவதற்கு முன்னால் அங்கேயே கவுன்டரில் பி.ஐ.ஆர். என்ற புகார்ச் சீட்டை வாங்கிவிட வேண்டும். வீட்டுக்குப் போய் போன் பண்ணிக்கொள்ளலாம் என்று கிளம்பியவர்கள் பின்னால் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்து சேர்ந்ததற்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். 21 நாள் ஆகியும் வராவிட்டால் தொலைந்ததாகவே கணக்கு. எழுத்தில் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கஸ்டமர் கேரில் நாற்பது நிமிஷம் பேசியது எங்கும் பதிவாகியிருக்காது.

பெட்டி விஷயத்தில் ஒரு நல்ல மாற்றமும் நடந்திருக்கிறது. விமானம் நின்று இன்ஜினை அணைத்த 10 நிமிஷத்தில் முதல் பெட்டியும் 30 நிமிஷத்துக்குள் கடைசிப் பெட்டியும் பெல்ட்டுக்கு வர வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விமானப் பாதுகாப்பு அமைப்பு ஏழு நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. இது ஒப்பந்தத்தில் ஏற்கெனவே இருந்ததுதான், ஆனால் கடிகாரம் வைத்துக் கவனிக்கிறார்கள் என்றதும் பெல்ட் கொஞ்சம் வேகம் பிடித்தது. காபிக்கு ஹோட்டல் பில் கட்டிக்கொண்டிருந்த சென்னை விமான நிலையத்தில் 2025 பிப்ரவரியில் திறந்த உடான் யாத்ரி கஃபேயும் அப்படித்தான். டீ 10 ரூபாய், தண்ணீர் பாட்டில் 10 ரூபாய், சமோசா 20. ஆனால் எங்கே இருக்கிறது என்று தேடிப்போக வேண்டும்.

கட்டணத்தில் ஒளிந்திருக்கும் ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பயணம் போக முடியவில்லை, ரத்து செய்யவும் மறந்துவிட்டோம், டிக்கெட்டும் திருப்பித் தராத வகை. காசு போச்சு என்று விட்டுவிடுவோம். அப்படியில்லை. டிக்கெட்டின் கட்டண விவரத்தை விரித்துப் பார்த்தால் அடிப்படைக் கட்டணத்துக்குக் கீழே விமான நிலையப் பயனர் கட்டணம், வரி என்று வரிசையாக இருக்கும். அந்தப் பணம் நிறுவனத்துடையது அல்ல, நீங்கள் பறந்தால் மட்டுமே மற்றவர்களுக்குப் போக வேண்டியது. பறக்காவிட்டாலும் அதைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. கேட்டால் வரும், கேட்காவிட்டால் தானாக வருவது அபூர்வம்.

இதற்கெல்லாம் மேலே, பணத்தில் அடங்காத ஓர் இடம் சக்கர நாற்காலி. 2024 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து மும்பை வந்திறங்கிய 80 வயதுப் பெரியவரும் அவர் மனைவியும் இரண்டு சக்கர நாற்காலி கேட்டு டிக்கெட் எடுத்திருந்தார்கள். ஒன்றுதான் வந்தது. மனைவியை அதில் உட்காரவைத்துவிட்டுப் பின்னால் நடந்து போன பெரியவர் குடியேற்றப் பிரிவு அருகே சுருண்டு விழுந்து இறந்துபோனார். ஏர் இந்தியாவுக்கு 30 லட்சம் அபராதம். இன்னொரு நாற்காலி வரும்வரை காத்திருக்கச் சொன்னோம் என்பது நிறுவனத்தின் பதில். பதினைந்து மணி நேரம் பறந்து வந்த மனிதர், மனைவி கண்ணெதிரே தள்ளிக்கொண்டு போகப்படும்போது தனியாக உட்கார்ந்திருப்பாரா? அபராதம் அரசுக்குத்தான் போகும். நாளிதழில் லட்சக்கணக்கில் அபராதம் என்று படிக்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், பாதிக்கப்பட்டவர் கைக்கு அதில் ஒன்றும் வராது.

கைக்கு வர வேண்டுமென்றால் அவரே கேட்க வேண்டும். முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சல். பதில் சரியில்லை என்றால் விமானத் துறை அமைச்சகத்தின் ஏர்சேவா செயலி, இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதுவும் நகராவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், தலைமை அலுவலகம் குர்கானில் இருக்கிறது என்று அங்கே அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. அங்கே போகும்போது கையில் இருக்க வேண்டியது கோபம் அல்ல, பலகையின் போட்டோ, குறுஞ்செய்தி, போர்டிங் பாஸ், கூடவே என்ன காரணம் என்று நிறுவனம் எழுதிக் கொடுத்த பதில்.

அந்தக் கடைசித் துண்டுக்காகத்தான் நானும் சென்னை வந்ததும் எழுதிப் போட்டேன். தாமதத்துக்குக் காரணம் என்ன, 11 மணிக்கு அந்தப் பையனுக்குத் தெரிந்தது 9 மணிக்கு ஏன் யாருக்கும் தெரியவில்லை, இரண்டே கேள்வி. அவன் பெயர் தெரியாததால் இரவு ஷிப்டில் இருந்த ஊழியர் என்று குறிப்பிட்டு இரண்டு வரி பாராட்டும் சேர்த்திருந்தேன். பதினோராவது நாள் பதில் வந்தது. காரணம் ஆபரேஷனல் ரீசன். பாராட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அடுத்த மாதம் மறுபடி தில்லி போக வேண்டியிருந்தது. தேடிப் பார்த்தேன், அந்த நேரத்துக்கு அந்த விலையில் அவர்களிடம்தான் டிக்கெட் இருந்தது. எடுத்துவிட்டேன், ஜன்னல் இருக்கைக்குத் தனிக் காசு கொடுத்து.